அழறான்... அழுமூஞ்சி!

நம் ஊரில் ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் உட்கார்ந்தால், காபி வருவதற்கு முன்னால் குழந்தைகளின் பயோடேட்டா வந்துவிடும்.

"பெரியவன் தங்கம் ஸார்... வெச்ச இடத்துல இருப்பான். சின்னது இருக்கே, அது சரியான வாலு!"

வாலு அப்போது சோபாவுக்குப் பின்னால் நின்று இத்தனையையும் கேட்டுக்கொண்டிருக்கும். அறிமுகம் முடிந்த மறு நிமிஷம், சோபாவின் முதுகில் ஏறி உங்கள் மடியில் குதிக்கும். பின்னே? பெற்ற அப்பா நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற வேண்டாமா?

அடுத்து பாகப் பிரிவினை. குழந்தை சமர்த்தாக இருந்தால், "அப்படியே எங்கப்பா!" அதே குழந்தை தரையில் புரண்டு அழுதால், "உங்க வம்சத்துல யாருக்குப் பொறுமை இருந்திருக்கு?" லாபம் நம் பக்கம், நஷ்டம் எதிர்ப் பக்கம். இவ்வளவு வேகமாகக் கணக்கு முடிக்கிற ஆடிட்டர்களை, பி.காம். படித்த நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு குழந்தை, 'நான் இப்படிப்பட்ட ஆள்' என்று தன்னைப் பற்றி முடிவு செய்வது எந்த வயசில்? யார் பேச்சைக் கேட்டு? அதில் பிறக்கும்போதே கொண்டுவந்த சரக்கு எவ்வளவு, வீட்டில் ஏற்றிவிட்டது எவ்வளவு?

நம் முன்னோர் இதில் சாமர்த்தியசாலிகள். 'நாய் வாலை நிமிர்த்த முடியாது' என்று ஒரு பழமொழி. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று இன்னொன்று. இரண்டு குதிரை மேலும் பணம் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஜெயித்தது எது என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

* * *

1950களில் அமெரிக்காவில் மனநல டாக்டர்களிடம் ஒரு சௌகரியமான வழக்கம் இருந்தது. குழந்தை எதற்கு அழுதாலும், எதற்கு அடம் பிடித்தாலும், குற்றவாளி அம்மா. தீர்ப்பு ரெடி. கேஸ் குளோஸ்.

நியூயார்க்கில் அலெக்ஸாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்று ஒரு டாக்டர் தம்பதி. இருவருக்கும் இதில் சந்தேகம். ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒரு குழந்தை குளிப்பாட்டினால் சிரிக்கிறது, அடுத்தது ஊரைக் கூட்டுகிறது. அம்மா மட்டும்தான் காரணம் என்றால் இரண்டும் ஒரே மாதிரி அல்லவா இருக்க வேண்டும்?

1956ல் ஆரம்பித்தார்கள். 133 குழந்தைகள். பிறந்த சில மாதங்களிலிருந்து, வளர்ந்து பெரியவர்களாகும்வரை விடாமல் தொடர்ந்தார்கள். பசி, தூக்கம் எல்லாம் நேரப்படி வருகிறதா? புது ஆளைப் பார்த்தால் நெருங்குகிறதா, ஒதுங்குகிறதா? அழ ஆரம்பித்தால் சிணுங்கலா, சங்கொலியா? இப்படி ஒன்பது விஷயங்களைக் குறித்துக்கொண்டார்கள்.

மூன்று ரகம் தெரிந்தது. முதல் ரகம், சுலபக் குழந்தைகள், 40 சதவிகிதம். நேரத்துக்குத் தூக்கம், புது ஆளைப் பார்த்தால் சிரிப்பு. இரண்டாவது, கஷ்டமான ரகம், 10 சதவிகிதம். எது மாறினாலும் ரகளை. மூன்றாவது 15 சதவிகிதம். இது மெதுவாகச் சூடேறும் ரகம். மார்கழி மாசக் காலையில் பழைய ஸ்கூட்டர் மாதிரி. உதைத்துப் பிரயோஜனமில்லை. கொஞ்சம் அவகாசம் கொடுத்தால் தானே கிளம்பும், அப்புறம் ஜம்மென்று ஓடும்.

கூட்டிப் பார்த்தால் 65தான் வருகிறதே என்கிறீர்களா? மீதி 35 சதவிகிதம் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. கொஞ்சம் இது, கொஞ்சம் அது. மூன்றில் ஒரு குழந்தைக்குமேல் எந்த லேபிளும் ஒட்டவில்லை என்பதை அந்த டாக்டர்களே ஒப்புக்கொண்டார்கள். லேபிள் ஒட்டாமல் விடும் நிதானம் நம் அத்தை மாமாக்களுக்கு ஏது?

* * *

ஆக, குழந்தை வெறும் கையோடு வருவதில்லை. ஓப்பனிங் பாலன்ஸோடுதான் வருகிறது. ஆனால் தாமஸ் - செஸ் தம்பதி கண்டுபிடித்ததில் முக்கியமான சமாசாரம் இதுவல்ல. கஷ்டமான குழந்தையெல்லாம் பிற்காலத்தில் கஷ்டப்படவில்லை. சுலபக் குழந்தையெல்லாம் சௌக்கியமாக இருந்துவிடவும் இல்லை. குழந்தையின் குணத்துக்கும், வீட்டின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருந்ததா என்பதில்தான் விஷயம் இருந்தது.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். பிள்ளைக்கும் அப்பாவுக்கும் எவராவது பொருத்தம் பார்க்கிறார்களா? பரபரவென்று இருக்கிற அப்பாவுக்கு நிதானமான பிள்ளை வாய்த்தால், பிள்ளையின் பெயர் 'மந்தம்'. அதே பிள்ளை நிதானமான அப்பாவுக்குப் பிறந்திருந்தால் 'பொறுமைசாலி'. பிள்ளை ஒன்றுதான். விலாசம்தான் வேறு.

அதே நியூயார்க்கில், ப்யூர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்களின் குழந்தைகளையும் அவர்கள் ஆராய்ந்தார்கள். மத்தியதர வீடுகளில் நேரத்துக்குத் தூங்காத குழந்தை ஒரு பெரிய பிரச்னை. தினம் ராத்திரி குருட்சேத்திரம். தொழிலாளர் வீடுகளில் இதைப் பற்றி அலட்டிக்கொள்ளவே இல்லை. தூக்கம் வந்தால் தூங்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஸ்கூலுக்குப் போகும் வயசு வந்த பிறகுதான் அங்கே அது பிரச்னையானது. ஆனால், அதே வீடுகளில் ஓடியாடும் குழந்தை பெரிய தொல்லையாகத் தெரிந்தது. காரணம், வீடு சின்னது. தெருவில் விட பயம். விசாலமான வீட்டுக் குழந்தையிடம் அதே துறுதுறுப்பை யாரும் குறையாகப் பார்க்கவில்லை.

அதாவது ஸார், உங்கள் பையன் 'வாலு'வா இல்லையா என்பதை அவன் மட்டும் தீர்மானிக்கவில்லை. உங்கள் சிங்கிள் பெட்ரூம் ஃபிளாட்டின் சதுர அடியும், "மேல தடதடன்னு என்ன சார் சத்தம்?" என்று கேட்கும் கீழ் வீட்டுக்காரரும் சேர்ந்து தீர்மானிக்கிறார்கள்.

இன்னும் விசித்திரம் ஒன்று. மார்ட்டின் டி வ்ரீஸ் என்பவர் 1970களில் கிழக்கு ஆப்பிரிக்காவின் மஸாய் மக்களிடையே கைக்குழந்தைகளின் சுபாவத்தைக் கணித்தார். சுலப ரகத்தில் பத்து, கஷ்ட ரகத்தில் பத்து. நடுவே கடும் பஞ்சம். திரும்பப் போய்த் தேடியபோது சுலபக் குழந்தைகளில் 7 பேரின் குடும்பத்தைத்தான் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த 7ல் 5 குழந்தைகள் இறந்திருந்தன. கஷ்டமான குழந்தைகளில் தெரியவந்தது 6. இறந்தது 1. அழுத பிள்ளைதான் பால் குடித்திருக்கிறது! சின்ன எண்ணிக்கைதான், சட்டம் போட முடியாது. ஆனாலும் நம் பாட்டிகளுக்கு ஒரு சபாஷ்.

சீனாவில் நடந்தது இன்னும் நமக்குக் கிட்டே. ஷாங்காய் பள்ளிக் குழந்தைகளை 1990ல் ஆராய்ந்தபோது, கூச்சமுள்ள குழந்தைகளை ஆசிரியர்களுக்கும் பிடித்தது, கூடப் படித்தவர்களுக்கும் பிடித்தது. 'அடக்கமான பிள்ளை' என்று மரியாதை. 2002ல் அதே ஊரில் ஆராய்ந்தால் தலைகீழ். கூச்சமுள்ள பிள்ளைகளை மற்றவர்கள் ஒதுக்கினார்கள். அந்தப் பிள்ளைகளும் மனசு வாடியிருந்தார்கள். நடுவில் மாறியது குழந்தைகளின் சுபாவம் அல்ல, ஊர். போட்டியும் சந்தையும் வந்ததும், வாயுள்ள பிள்ளைக்கு மவுசு ஏறிவிட்டது. நம் அப்பாக்கள் காலத்தில் 'அடக்கமான பையன்' என்று பெண் கொடுத்தார்கள். இன்று அதே பையனை, "கம்யூனிகேஷன் ஸ்கில் போதாது" என்று இன்டர்வியூவில் திருப்பி அனுப்புகிறார்கள்.

* * *

சரி, இதெல்லாம் பெரியவர்கள் போடும் கணக்கு. குழந்தைக்கு இது எப்போது எட்டுகிறது?

குழந்தைக்குத் தெரியாமல் மூக்கில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வயசுக் குழந்தை கண்ணாடிக்குள் இருக்கும் பாப்பாவைப் பார்த்துச் சிரிக்கும். ஒன்றரையிலிருந்து இரண்டு வயசுக்குள் பெரும்பாலான குழந்தைகள் சட்டென்று தன் மூக்கைத் தொடும். 'அட, இது நான்!'

'நான்' வந்தாயிற்று. அடுத்த கேள்வி, 'நான் யார்?' பெரிய பெரிய ஞானிகள் மலையேறி உட்கார்ந்து கேட்ட கேள்வி. குழந்தைகள் மூன்றரை வயசிலேயே பதில் வைத்திருக்கின்றன. ரெபெக்கா ஈடர் என்ற ஆராய்ச்சியாளர் 1990ல் இதற்கு ஓர் உபாயம் செய்தார். இரண்டு கைப்பாவைகள். ஒன்று, "எனக்கு எல்லாரோடவும் இருக்கப் பிடிக்கும்" என்று சொல்லும். இன்னொன்று, "எனக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும்" என்று சொல்லும். "நீ எப்படிப்பா?" என்று குழந்தையைக் கேட்பார்கள். பெரியவர்கள் கேட்டால் முழிக்கிற குழந்தை, பொம்மையிடம் டாண் டாணென்று பதில் சொல்லும். அந்தப் பதில்கள் தாறுமாறாக இல்லை. அவற்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. எல்.கே.ஜி. அட்மிஷன் ஆவதற்கு முன்பே ஆசாமி தன்னைப் பற்றி ஒரு ஃபைல் திறந்துவிட்டார்!

அந்த ஃபைலில் எழுதுவது யார்? இங்கேதான் நம் தமிழ் இலக்கணம் வருகிறது. பயந்துவிடாதீர்கள், ஒரு பாரா மட்டும்.

ஸ்கூலில் தமிழய்யா வினைத்தொகை நடத்தினாரே, ஞாபகமிருக்கிறதா? 'ஊறுகாய்'. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலத்துக்கும் பொருந்தும் சொல். இப்போது 'அழுமூஞ்சி'யை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத மூஞ்சி, அழுகின்ற மூஞ்சி, அழும் மூஞ்சி! 'அழறான்' என்றால் இப்போது அழுகிறான், பிஸ்கட் கொடுத்தால் நிறுத்துவான் என்று அர்த்தம். 'அழுமூஞ்சி' என்றால் நேற்றும் அழுதான், இன்றும் அழுகிறான், ரிட்டையர் ஆகும்வரை அழுவான். வினைச்சொல்லுக்குக் காலம் உண்டு, முடிவும் உண்டு. பெயர்ச்சொல்லுக்குக் கிடையாது. பயந்தாங்கொள்ளி, பிடிவாதக்காரன், சோம்பேறி, வாலு... எல்லாமே குழந்தை எப்போதோ செய்த ஒரு காரியத்துக்கு நாம் போட்ட நிரந்தர உத்தியோக ஆர்டர்.

இது என் கற்பனை இல்லை. 1999ல் ஸூஸன் கெல்மன், கெய்ல் ஹேமன் என்ற இரண்டு பேர் 5 வயசு, 7 வயசுக் குழந்தைகளிடம் சோதித்தார்கள். 'ஒரு பெண் எப்பவும் காரட் சாப்பிடுவாள்' என்று சில குழந்தைகளிடம் சொன்னார்கள். 'அவள் ஒரு காரட் தின்னி' என்று வேறு சில குழந்தைகளிடம் சொன்னார்கள். விஷயம் ஒன்றுதான். ஆனால் 'தின்னி' என்று கேட்ட குழந்தைகள், அவள் பெரியவளானாலும் அப்படியேதான் இருப்பாள், யார் தடுத்தாலும் விட மாட்டாள் என்று கூடுதலாக நம்பின. காரட்டுக்கே இப்படி என்றால், 'பயந்தாங்கொள்ளி'க்கு?

* * *

மடிப்பாக்கத்தில் எனக்கு ஒரு நண்பர். பேங்க்கில் வேலை. இரண்டு பெண்கள். சின்னவளுக்கு நாலு வயசு. மெதுவாகச் சூடேறும் ரகம். யார் போனாலும் அம்மாவின் துப்பட்டாவுக்குள் போய்விடுவாள். இருபது நிமிஷம் கழித்து, ஒரு கால் போன ஒட்டகச்சிவிங்கி பொம்மையைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் உங்கள் மடியில் வைப்பாள். அது அவள் கொடுக்கும் விசா.

ஆனால் அந்த இருபது நிமிஷத்தை நண்பரால் தாங்க முடியாது. "கூச்ச சுபாவம் ஸார் இது. அக்கா மாதிரி இல்லை" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடுவார்.

மூன்றாம் முறை போனபோது, "உன் பேர் என்ன கண்ணு?" என்று கேட்டேன். குழந்தை தலையைக் குனிந்துகொண்டு சொன்னது:

"கூச்ச சுபாவம்."

எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபோது ஒட்டகச்சிவிங்கி உள்ளே போய்விட்டது. அன்று அது திரும்ப வரவில்லை.

அர்த்தம் தெரிந்து சொல்லியிருக்காது. 'நீ யார்?' என்று கேட்டால் இதுதான் பதில் என்று வீட்டில் இத்தனை நாளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நண்பரின் அம்மா ஊரிலிருந்து வந்து ஆறு மாசம் தங்கினார். சைக்காலஜி படித்தவர் அல்ல, அந்தக் கால எட்டாம் கிளாஸ். யாராவது வந்து, "என்ன, ஒளிஞ்சுக்கறா?" என்று கேட்டால், பாட்டி காய் நறுக்குவதை நிறுத்தாமல் சொல்வார்: "அவ மொதல்ல பாப்பா. அப்புறம் வருவா."

கவனியுங்கள். பார்ப்பாள், வருவாள். இரண்டு வினைச்சொல். ஒரு பெயர்ச்சொல் கிடையாது. பட்டமும் இல்லை, "போய் மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லு" என்று பிடித்துத் தள்ளுவதும் இல்லை. விருந்தாளியைத்தான் கொஞ்சம் காக்க வைத்தார்.

பாட்டி ஊருக்குக் கிளம்புவதற்கு முன், ஒருநாள் சாயங்காலம் பார்க்கில் அந்தக் குடும்பத்தைப் பார்த்தேன். சறுக்கு மரத்தில் ஏழெட்டுக் குழந்தைகள். "நீயும் வா!" என்று ஒரு பையன் கூப்பிட்டான். சின்னவள் பாட்டியின் புடவையைப் பிடித்தபடி பதில் சொன்னாள்: "நான் பாத்துட்டு வரேன்."

சுபாவம் மாறவில்லை. அதைப் பற்றிய வாக்கியம் மாறியிருந்தது. ஐந்து நிமிஷம் கழித்துப் போனாள்.

* * *

"அப்போ புகழ்ந்தே வளர்க்கலாமா?" என்று கேட்பீர்கள். அங்கேயும் ஒரு கண்ணிவெடி இருக்கிறது. கேமின்ஸ், ட்வெக் என்ற இருவர், அதே 1999ல், கிண்டர்கார்டன் குழந்தைகளைப் பொம்மை வைத்து ஆட்டம் ஆடச் சொல்லிச் சோதித்தார்கள். ஒரு வேலையை நன்றாகச் செய்ததும் சிலரிடம், 'நீ ரொம்ப நல்ல பொண்ணு' என்ற மாதிரிப் பாராட்டு. வேறு சிலரிடம், 'நல்லா முயற்சி பண்ணினியே' என்ற மாதிரி. அடுத்து ஆட்டத்தில் ஒரு தவறு வந்தபோது, 'நல்ல பொண்ணு' கோஷ்டிதான் அதிகம் சுருண்டுபோனது, தன்னையே மட்டமாக மதிப்பிட்டது. காரணம் லேசானது. நன்றாகச் செய்ததால் நான் நல்லவன் என்றால், தப்பாகச் செய்தால் நான் யார்?

ஆரம்பத்தில் ஒரு 'தங்கம்' வந்தானே, வெச்ச இடத்தில் இருக்கும் பெரியவன்... அவன் மேலும் கொஞ்சம் பரிதாபப்படுங்கள். வாலு ஒரு டம்ளரை உடைத்தால், அது அவன் உத்தியோகம். தங்கம் உடைத்தால் மாற்று குறைந்துபோகும். பயந்து பயந்து டம்ளர் பிடிக்கிற பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? 'தங்கம்' என்பதும் பெயர்ச்சொல்தான் ஸார்.

* * *

காலையில் எட்டுக்குக் கிளம்பி ராத்திரி எட்டுக்குத் திரும்புகிற நம்மைப் போன்றவர்களுக்குக் குழந்தையோடு கிடைப்பது ஒரு மணி நேரம். அதற்குள் மூன்று காரியம் செய்யலாம். செலவு கிடையாது.

ஒன்று, பெயர்ச்சொல் வாய்க்குள் வரும்போது முழுங்கிவிட்டு வினைச்சொல் சொல்லலாம். 'பொய்க்காரன்' வேண்டாம், 'இப்ப நீ சொன்னது பொய்' போதும். தப்பைக் கண்டிக்கத் தடையே இல்லை. கண்டிப்பு காரியத்தின் மேல் விழட்டும், ஆள் மேல் வேண்டாம்.

இரண்டு, போனில் பேசும்போது கவனம். "சின்னவன் படிப்புல சுமார்தான்டா" என்று நண்பனிடம் நீங்கள் அலுத்துக்கொள்ளும்போது, சின்னவன் கலர் பென்சிலோடு கட்டிலுக்கு அடியில்தான் இருக்கிறான். அவன் ஃபைலில் என்ட்ரி விழுந்துவிட்டது.

மூன்றாவதுதான் முக்கியம். 2008ல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், அம்மாவை நம்பி ஒட்டிக்கொள்ள முடிந்த 4, 5 வயசுக் குழந்தைகள் தங்களைப் பற்றி நல்லவிதமாகச் சொன்னார்கள். அம்மா மனச்சோர்விலும் நெருக்கடியிலும் இருந்த வீடுகளில் குழந்தையின் சுயசித்திரமும் மங்கலாக இருந்தது. பழையபடி 'எல்லாம் அம்மா தப்பு' என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அம்மா ஏன் அப்படிச் சோர்ந்துபோனாள் என்று கேளுங்கள். ராத்திரி சிங்க்கில் கிடக்கும் பாத்திரத்தை நீங்கள் தேய்த்தால், குழந்தையின் தன்னம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் தேய்க்கிறீர்கள். விஞ்ஞானபூர்வமான பாத்திரம் தேய்த்தல்!

ஓப்பனிங் பாலன்ஸ் நம் கையில் இல்லை. அதற்குக் கீழே விழும் என்ட்ரிகள் நம் கையில் இருக்கின்றன. நாலு வயசில் கணக்கை முடித்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைக்காமல் இருந்தால் சரி.

முடிந்தால் இன்று ராத்திரி ஒரு பரீட்சை. மானேஜர் மேல் இருக்கும் எரிச்சலோடு வீட்டுக்குள் நுழைகிறீர்கள். குழந்தை ஓடிப்போய் அம்மாவிடம் என்ன சொல்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள்.

"அப்பா இன்னிக்குக் கோவமா இருக்கா" என்று சொன்னால் கவலையில்லை, உங்களுக்கு இன்னும் சான்ஸ் இருக்கிறது.

"கோவக்காரர் வந்தாச்சு" என்று சொன்னால்... உங்களுக்கும் ஒரு பெயர்ச்சொல் விழுந்துவிட்டது!